உலைக்குள் உறைந்த வடக்கு

பொங்கலுக்குக் கிருஷ்ணகிரி போய்விட்டுத் திரும்பிய லாவண்யா, தொம்மலூர் மைதானத்துக் குழிக்குள் எட்டிப் பார்த்த மாத்திரத்தில் தலையில் கைவைத்துக்கொண்டாள். பழைய உலைக்குள் யாரோ பொங்கல் வைத்திருந்தார்கள்.

பேருக்கு ஒரு கற்பூரம் காட்டியிருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பாள். இது அப்படியில்லை, சாங்கோபாங்கமாக நடந்திருந்தது. பாதி எரிந்த சவுக்குக் கட்டைகள், கணுக்கால் உயரச் சாம்பல், பால் பொங்கி வழிந்து கருகிய தடம். சுட்ட மண் சுவரில் வரிசையாக மஞ்சள் குங்குமப் பொட்டு. விளிம்பைச் சுற்றிச் செம்மண் இட்ட கோலம் வேறு, அதுவும் நல்ல கோலம்.

அந்தக் குழி வந்த கதை இதுதான். தொம்மலூரின் பழைய தெருக்களுக்கு நடுவே, மாரியம்மன் கோயிலை ஒட்டி ஒரு சின்ன மைதானம். சுற்றிலும் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிவிட்ட பிறகு, அந்தத் தெருக்காரர்களுக்கு ஆகாயம் தெரிகிற இடம் அது ஒன்றுதான். கல்யாணப் பந்தலும் அங்கேதான், சாவுக்கு ஷாமியானாவும் அங்கேதான். அதில் அடுக்குமாடிப் பார்க்கிங் கட்டப்போவதாக மார்கழியில் ஜே.சி.பி. வந்து தோண்டியது. இடுப்பளவு ஆழத்தில் வட்டமாகச் சுட்ட மண் சுவர் ஒன்று தட்டுப்பட்டது, கூடவே கூடை கூடையாக இரும்புக் கசடு. ஒரு காலத்தில் யாரோ இரும்பு உருக்கிய உலை. தெருச் சங்கத்தின் செயலாளர் முனிராஜ் அன்றைக்கே மனு போட்டார். அதிகாரிகள் வேலையை நிறுத்தினார்கள். உலை பழங்காலத்ததுதான் என்று நிரூபணமானால் மைதானம் நிற்கும். வெள்ளைக்காரன் காலத்துச் செங்கல் சூளை மாதிரி ஏதோ ஒன்று என்றால் பார்க்கிங் எழும்பும். வயதைச் சொல்லும் வேலை லாவண்யாவின் ஆய்வகத்துக்கு வந்தது. அவள் தனியாகப் பொறுப்பேற்ற முதல் இடம் அது.

மண்ணிடம் வயது கேட்பது எப்படி என்று யாராவது கேட்டால் லாவண்யா ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். களிமண்ணுக்குள் கண்ணுக்குத் தெரியாத இரும்புத் துணுக்குகள் உண்டு. நன்றாகச் சூடேறினால் அவை திசை மறந்துபோகும். சூடு ஆறும்போது, அன்றைக்குப் பூமியின் காந்தம் எந்தப் பக்கம் இழுக்கிறதோ அந்தப் பக்கம் திரும்பி அப்படியே உறைந்துவிடும். காந்த வடக்கோ ஓரிடத்தில் நிற்கிற ஆசாமி இல்லை, நூற்றாண்டுக்கு நூற்றாண்டு நகர்ந்துகொண்டே இருக்கும். ஆகவே உலைச் சுவரில் உறைந்திருக்கிற வடக்கு எது என்று பார்த்தால், அந்த உலை கடைசியாக ஆறிய காலம் தெரிந்துவிடும்.

கடைசியாக ஆறிய காலம். அங்கேதான் சிக்கல். இந்த உலை கடைசியாக ஆறியது போன வாரம், பொங்கலன்று.

“யாரு இது? யாரு இங்க தீ மூட்டினது?” என்று அவள் போட்ட கூச்சலில், கோயில் மரத்தில் இருந்த காக்கைகள்கூட எழுந்து பறந்தன.

கோயில் பக்கத்திலிருந்து ஒரு பெண்மணி நடந்து வந்தாள். ஐம்பதைத் தாண்டிய வயது. எதிரே இருந்த ஆபீஸ் கட்டடத்தில் துப்புரவு வேலை செய்பவர்களின் நீலச் சட்டையைப் புடவைக்கு மேல் போட்டிருந்தாள். ஒளிக்கவோ மறைக்கவோ அவளுக்குத் தோன்றியதாகவே தெரியவில்லை.

“நான்தான் மேடம் வச்சேன். லட்சுமம்மா. பொங்கல் நல்லாப் பொங்கிச்சு, கெழக்கால.”

“கயிறு கட்டி, போர்டு வச்சிட்டுப் போனோமே, பாக்கலையா?”

“பாத்தனே. தொடாதீங்கன்னு போட்டிருக்குதுன்னு பசங்க படிச்சிச் சொன்னாங்க. நான் கையால தொடவே இல்ல மேடம். பொட்டு வைக்கறப்ப மட்டும்தான்.”

லாவண்யாவுக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும், அன்றைக்கு அதைவிட ஓரடி முன்னால் நின்றது.

“எதுக்கும்மா? வீட்ல அடுப்பு இல்லையா?”

“கீது மேடம். ஆனா இத்தினி காலம் பூமிக்குள்ள கெடந்துட்டு வெளிய வந்த அடுப்பு இது. பொங்கல் அன்னிக்கு இத மட்டும் சில்லுனு போட்டுட்டு என் வூட்டு அடுப்ப மூட்ட மனசு வரல. இந்த ஜாகா, இந்த மைதானம், எங்களுக்கே நிக்கணும்னு வேண்டிக்கினு வச்சேன்.”

“நிக்கணும்னு வேண்டிக்கிட்டு, நிக்கறதுக்கு இருந்த ஒரே சாட்சிய எரிச்சிட்டீங்க!”

சொல்லியிருக்க வேண்டாம். சொல்லி முடித்தபோதே முனிராஜும் தெருக்காரர்கள் நாலைந்து பேரும் குழியைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். விஷயம் என்ன என்று முனிராஜ் கேட்டார். லாவண்யா, கோபத்தில் இருந்தவள், கொஞ்சம் கூட்டியே விளக்கினாள். முனிராஜின் முகம் சுருங்கிப்போயிற்று.

“அலைஞ்சி அலைஞ்சி மனு குடுத்து வேலைய நிறுத்தி வச்சிருக்கேன். நீ சுமனே உன் வூட்ல இருக்கக் கூடாதா? ஒரு பானைப் பொங்கல்ல மொத்தத்தையும் முடிச்சிட்டியே!” என்றார் அவர். லட்சுமம்மா சுவரில் இருந்த பொட்டுகளையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இருந்தாலும் வந்த வேலையை விட முடியாது. அதிகாரிகளின் விசாரணைக்கு முன்னால் மாதிரிகளை எடுத்தே ஆகவேண்டும். ஆய்வகத்தில் கூட வேலை பார்க்கும் சுனில், மேலே உட்கார்ந்து பிளாஸ்டர் மாவு குழைத்துக் கொடுத்தான். அவள் குழிக்குள் இறங்கினாள். வேலை இப்படி நடக்கும்: உலைச் சுவரில் உள்ளங்கை அகலக் கட்டி ஒன்றைச் சுற்றிலும் செதுக்கி, தலையில் பிளாஸ்டர் பூசி, ரசமட்டம் வைத்துச் சமன் பார்த்து, திசைகாட்டியை வைத்து அதன்மேல் வடக்குக் கோடு கிழிக்க வேண்டும். பிறகுதான் கட்டியைப் பெயர்க்கலாம். கோடு தப்பினால் கட்டி வெறும் மண்ணாங்கட்டி. வழக்கமாகச் சூரிய நிழலை வைத்தும் ஒரு தடவை சரிபார்ப்பார்கள். அன்று எதிர்க் கட்டடத்தின் நிழல் குழியை விட்டு அசையவே இல்லை.

ஆய்வகக்காரர்களுக்கு ஒரு சடங்கு உண்டு. திசைகாட்டிப் பக்கம் போகுமுன் ஆளாளுக்கு இரும்பையெல்லாம் கழற்றி ஒரு பிளாஸ்டிக் கூடையில் போட்டுவிட வேண்டும். சாவி, பெல்ட், கைக்கடிகாரம், போன், எல்லாம். காந்த முள் ரோஷக்காரி, பக்கத்தில் ஒரு துண்டு இரும்பு இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். புதிதாக வருகிறவர்களிடம் இதைச் சொல்லிச் சொல்லி லாவண்யாவுக்கு வாய் வலிக்கும்.

பாதி வேலையில் லட்சுமம்மா ஒரு சொம்பில் தண்ணீரோடு குழி விளிம்புக்கு வந்தாள். செய்ததற்கு ஏதாவது ஈடு கட்ட முடியாதா என்ற தவிப்பு அவள் முகத்தில் இருந்தது. லாவண்யாவின் கண் நேராக அவளுடைய தாலிக்கயிற்றுக்குப் போனது. அங்கே கொத்தாக நாலைந்து ஊக்கு.

“ஊக்கு இரும்பும்மா! தள்ளிப் போங்க. இன்னும் கெடுக்காதீங்க.”

லட்சுமம்மா சொம்பை அப்படியே கீழே வைத்துவிட்டுப் போனாள். அந்தத் தண்ணீரை யாரும் குடிக்கவில்லை. லாவண்யா குனிந்து அடுத்த கோட்டைக் கிழித்தாள். குர்த்தா பையில் போன் அதிர்ந்தது, ஊரிலிருந்து அம்மாவாகத்தான் இருக்கும். எடுத்துப் பாராமலே வெளியிலிருந்து அழுத்தி அடக்கிவிட்டு வேலையைத் தொடர்ந்தாள்.

ஆய்வகத்தில் வேலை மெதுவாகத்தான் போகும். கட்டியிலிருந்து அறுத்த துண்டுகளை, வெளிக் காந்தம் புகாத அடுப்பில் கொஞ்சம் கொஞ்சமாகச் சூடேற்றி, ஒவ்வொரு சூட்டுக்குப் பிறகும் அளக்க வேண்டும். இதில்தான் லாவண்யாவுக்கு ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. மண் எவ்வளவு சூடு கண்டதோ அவ்வளவைத்தான் மறக்கும். இரும்பு உருக்கிய சூடு எங்கே, பொங்கல் அடுப்புச் சூடு எங்கே! சவுக்குக் கட்டை மேலாகத்தான் அழித்திருக்கும். சுவரில் புதுச் சுண்ணாம்பைச் சுரண்டினால் பழைய சாயம் தெரிவதுபோல, முந்நூறு டிகிரி வரைக்கும் பொங்கலின் வடக்கு, அதற்குமேல் உலைக்காரனின் வடக்கு என்று இரண்டும் தனித்தனியாக வரவேண்டும்.

வந்தன. ஒவ்வொரு துண்டிலும் அழகாக இரண்டு அடுக்கு. சுனில் கைதட்டினான். ஆனால் எல்லாக் கட்டிகளின் பழைய அடுக்கையும் ஒரே படத்தில் போட்டபோது லாவண்யாவுக்குச் சப்பென்று ஆகிவிட்டது. ஒரே உலை, ஒரே நாளில் ஆறியது, ஒரே திசையைத்தான் சொல்ல வேண்டும். இவையோ ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே என்று கூட்டுக் குடும்பத்துப் பங்காளிகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் முறைத்துக்கொண்டு நின்றன. இதை வைத்து வயது சொன்னால் யாரும் சிரிப்பார்கள்.

ஆய்வகத் தலைவர் கோவிந்தப்பா படத்தைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். நல்ல மனிதர், கன்னடக்காரர், லாவண்யாவிடம் பேசுவதற்காகவே தமிழை இழுத்துப் பிடித்துப் பேசுவார்.

“அந்தத் தீ டிஸ்டர்ப் பண்ணிடுச்சும்மா. சமீபத்துத் தீயால் முடிவு சொல்ல இயலவில்லை, அப்படி எழுதிக் குடுத்துடு. உன் மேல தப்பில்லை. பேஜார் பட்டுக்காதே.”

உன் மேல் தப்பில்லை என்பது கேட்கச் சுகமாகத்தான் இருந்தது. அறிக்கையை அன்று மாலையே தட்டச்சு செய்துவிட்டாள். அனுப்புவதற்கு முன் முனிராஜிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று தொம்மலூர் போனாள்.

கோயிலில் மாசித் திருவிழா வேலை நடந்துகொண்டிருந்தது. பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து காய் அரிந்தார்கள், பெரிய அடுப்பில் சோற்றுக்கு உலை கொதித்தது. லட்சுமம்மா அங்கே இல்லை. அவள் மைதானத்தின் அந்தக் கோடியில், அவிழ்ந்து கிடந்த எச்சரிக்கைக் கயிற்றை எடுத்துக் குழியைச் சுற்றித் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள்.

“வருஷா வருஷம் கோயில் அடுப்ப லட்சுமக்காதான் மூட்டும். இந்த வருஷம் வேணாம்னு சொல்லிட்டாங்க,” என்றார் முனிராஜ், தனக்கு அதில் பங்கே இல்லாதவர் மாதிரி. “தெருவே அது மேல கோவமா கீது. ஜாகா போச்சுன்னா, கெடுத்த பேரு அதுக்குத்தான் நெலைக்கும்.”

லாவண்யா அந்தக் கயிற்றையே பார்த்தாள். அந்தப் பெயரைக் கொடுத்தது யார்? ஊரைக் கூட்டிக் கத்தியது யார்? அறிக்கை பையிலேயே இருந்தது. முனிராஜிடம் ஒன்றும் சொல்லாமல் திரும்பிவிட்டாள்.

மறுநாள் முழுக்க எண்களோடு மல்லுக்கட்டினாள். தீதான் கெடுத்தது என்றால் எல்லாவற்றையும் அல்லவா கெடுத்திருக்க வேண்டும்? காந்தம் பக்கவாட்டிலும் இழுக்கும், கீழ்நோக்கிச் சாய்ந்தும் இழுக்கும். கட்டிகளின் சாய்வை மட்டும் தனியாக எடுத்துப் பார்த்தாள். அத்தனையும் ஒன்றுக்கொன்று அச்சாக ஒத்துப்போயின. பக்கவாட்டுத் திசை மட்டும்தான் சிதறியது. சாய்வு மட்டும் தப்பித்து, திசை மட்டும் கெடும்படியாக எரிகிற தீ உலகத்தில் எங்கேயாவது உண்டா?

சாய்வுக்கு அவள் நம்பியது ரசமட்டத்தை. திசைக்கு நம்பியது திசைகாட்டியை.

இதுவரை யாரும் பொருட்படுத்தாத மேல் அடுக்கை, லட்சுமம்மாவின் பொங்கல் அடுக்கை, படத்தில் போட்டாள். போன தை மாதத்துத் தீ அது. அதன் வடக்கு எது என்று யாரும் ஆராய வேண்டியதில்லை, இன்றைய வடக்கு. எல்லாக் கட்டிகளும் சத்தியமாக அதையே காட்டியாக வேண்டும். அவையும் சிதறித்தான் கிடந்தன. அதுவும் எப்படி? எந்தக் கட்டியில் பழைய வடக்கு எவ்வளவு விலகியிருந்ததோ, அதே கட்டியில் பொங்கல் வடக்கும் அவ்வளவே விலகியிருந்தது. மண் பொய் சொல்லவில்லை. மண்ணின் தலையில் கிழித்த கோடுதான் பொய்.

மேசையில் கிடந்த போனைப் பார்த்தாள். அதன் புது உறை, பொங்கலுக்கு அம்மா கிருஷ்ணகிரியில் வாங்கிக் கொடுத்தது. மடித்தால் தானாகவே டப்பென்று ஒட்டிக்கொள்ளும் மூடி. அன்று குழியைப் பார்த்த அதிர்ச்சியில் கோவிந்தப்பாவுக்குப் போன் செய்தாள், பேசிவிட்டுப் பையில் போட்டாள், கூடையை மறந்தாள். குழிக்குள் குனிந்தபோதெல்லாம் அது திசைகாட்டியின் காதோரம் தொங்கியிருக்கிறது. திசைகாட்டியை எடுத்து வைத்து உறையை மெல்ல அருகே கொண்டுபோனாள். முள் ஒரு பெரிய வட்டம் போட்டு, அந்த மூடியைப் பார்த்து நின்றது.

ஊக்குக்காக ஒரு பெண்ணை விரட்டிய நேரத்தில், சொந்தப் பையில் காந்தத்தையே வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். வெட்கத்தில் காது மடல் வரைக்கும் சுட்டது.

பிறகு ஒவ்வொரு கட்டியையும் அதன் பொங்கல் அடுக்கு இன்றைய வடக்குக்கு நேராக வரும்வரை கணினியில் திருப்பினாள். கூடவே பழைய அடுக்குகளும் திரும்பின. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாக வந்து, படத்தில் ஒரு மிளகு அளவுக்குக் குவிந்து நின்றன. தென்னிந்தியாவுக்கு வரைந்து வைத்திருந்த வடக்கின் பாதையில் அந்த இடத்தைத் தேடினாள். தொள்ளாயிரம் வருஷம், முன்னே பின்னே ஒரு நூறு இருக்கலாம். அந்தப் பொங்கல் தீயை யாரும் மூட்டாமல் இருந்திருந்தால் கோட்டுப் பிழையைக் கண்டுபிடிக்கவும் வழியில்லை, திருத்தவும் வழியில்லை. லாவண்யா மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். சுனில் என்னவோ ஏதோ என்று டீ வாங்க ஓடினான்.

கோவிந்தப்பா முழுவதையும் கேட்டுவிட்டுத் தாடையைத் தடவினார்.

“கணக்கு சரி. ஆனா போன் விஷயத்தை எழுதினா, முதல் ரிப்போர்ட்லயே உன் பேர்ல ஒரு கறை இருக்கும்.”

“எழுதலைன்னா அது அந்தம்மா பேர்ல இருக்கும், சார்.”

அறிக்கையில் எல்லாம் போனது: திசைகாட்டி அருகே காந்தம் இருந்தது ஆய்வாளரின் கவனக்குறைவு. பிழையைத் திருத்த உதவியது தொம்மலூர் லட்சுமம்மா பொங்கலன்று மூட்டிய தீ. விசாரணையில் அதிகாரிகள் படித்துப் பார்த்து, எல்லார் முன்னிலையிலும் புதிதாக ஒரு கட்டி எடுத்து, அதுவும் ஒத்துப்போனால் மைதானத்தை விட்டுவிடுகிறோம் என்றார்கள். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், ஒத்துப்போயிற்று. பார்க்கிங்குக்கு வேறு இடம் பார்த்தார்கள், உலைக்கு ஒரு கூரை போட்டார்கள். ஆனால் எனக்கு அதைவிடப் பிடித்தது, அந்தப் புதுக் கட்டியை எடுத்த காலை.

மைதானத்தில் தெருவே கூடிவிட்டது. வெயில் குழிக்குள் நன்றாக விழுகிற நாளாகப் பார்த்துத்தான் வந்திருந்தார்கள். லட்சுமம்மா வழக்கம்போல அந்தக் கோடியில், கிட்டே வராமல் நின்றிருந்தாள். லாவண்யா எல்லாரும் பார்க்க நேராக அவளிடம் போனாள்.

“அம்மா, உங்க தீ எதையும் கெடுக்கல. கெடுத்தது நான். என் போன்ல காந்தம் இருந்துச்சு, கோடு தப்பாப் போச்சு. உங்க பொங்கல்தான் அதைக் காட்டிக் குடுத்துச்சு. அது இல்லைன்னா இந்த மைதானம் இல்லை. அன்னிக்கு உங்களை அப்படிப் பேசியிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சிடுங்க.”

லட்சுமம்மாவுக்கு முழுக்கப் புரிந்ததா தெரியாது. ஆனால் முனிராஜுக்குப் புரிந்தது. தெருவுக்கும் புரிந்தது. முனிராஜ் தொண்டையைச் செருமிக்கொண்டு, “பங்குனி பூஜைக்கு அடுப்ப நீயே வந்து மூட்டு லட்சுமக்கா,” என்றார். லட்சுமம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“அப்ப இந்த அடுப்பும்? வர்ற பொங்கலுக்கு இதுலயும் வைக்கட்டா?”

“ஐயோ, வேணாம்மா!” என்று லாவண்யாவும் சுனிலும் ஒரே குரலில் அலறினார்கள். தெரு முழுக்கச் சிரித்தது. முதலில் சிரித்தவள் லட்சுமம்மாதான்.

சுனில் பிளாஸ்டர் குழைக்க ஆரம்பித்தான். லாவண்யா திசைகாட்டியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கக் காலை வைத்தாள். பின்னாலிருந்து, “இரு கண்ணு,” என்று ஒரு குரல்.

லட்சுமம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள். தாலிக்கயிற்றிலிருந்து ஊக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றி அதில் போட்டாள். பிறகு கூடையை லாவண்யாவின் முன்னால் நீட்டினாள்.

“மொதல்ல உன் போனப் போடு.”